பல்கலைக்கழக இணையதளமும் வழி தேடுவோரும்

பல்கலைக்கழக இணையதளம் ஒன்றின் மெனுவைப் பொறுமையாகப் படித்தால், அந்நிறுவனத்தில் எந்தப் பிரிவு யாருடைய பொறுப்பில் இயங்குகிறது என்பதை ஏறக்குறைய முழுமையாக அறிந்துகொள்ளலாம். மதிப்பெண் பட்டியலின் நகலுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பது மட்டும் அவ்வளவு எளிதில் தெரியவராது. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், தொலைநிலைக் கல்வி இயக்ககம் என நிர்வாகம் எவ்வாறு பிரிந்திருக்கிறதோ அவ்வாறே தளமும் பிரிந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். ஓர் அமைப்பு உருவாக்கும் எதுவும் அவ்வமைப்புக்குள் நிலவும் தகவல்தொடர்புக் கட்டமைப்பையே ஒத்திருக்கும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். மென்பொருள் துறையினர் ‘கான்வே விதி’ என்று வழங்கும் இக்கருத்துக்கு இத்தளங்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

இந்த முரண்பாட்டை ராண்டல் மன்றோ தமது ‘எக்ஸ்கேசிடி’ கேலிச்சித்திரத் தொடரில் 2010ஆம் ஆண்டு இரண்டு வட்டங்களில் அடக்கிக் காட்டினார். முகப்பில் இருக்கும் வளாகப் படங்களும் பத்திரிகைக் குறிப்புகளும் தலைவரின் கடிதமும் ஒரு வட்டத்திலும், மக்கள் தேடிவரும் விண்ணப்பப் படிவம், கல்வியாண்டு நாள்காட்டி, ஆசிரியர்களின் தொலைபேசி எண்கள் முதலியவை மற்றொன்றிலும் இடம்பெற, இரண்டுக்கும் பொதுவாக எஞ்சியது நிறுவனத்தின் முழுப்பெயர் மட்டுமே.

தேடுபவர் எவ்வாறு வழியைத் தேர்கிறார் என்பதை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990களில் ஆராய்ந்தனர். இரை தேடும் விலங்கு, கிடைக்கக்கூடிய உணவையும் அதற்குச் செலவாகும் உழைப்பையும் எடைபோட்டே ஓரிடத்தில் நீடிக்கிறது அல்லது அகன்றுவிடுகிறது. தகவல் தேடுவோரும் அவ்வாறே, ஓர் இணைப்பிலுள்ள சொற்கள் தரும் குறிப்பைக் கொண்டு, அதற்கு அப்பால் தமக்கு வேண்டியது இருக்குமா என்று ஊகித்துச் செல்கின்றனர். இக்குறிப்புக்கு அவ்விருவரும் ‘தகவல் மணம்’ என்று பெயரிட்டனர். ‘பதிவிறக்கங்கள்’, ‘இதர இணைப்புகள்’ போன்ற தலைப்புகளில் அந்த மணம் அறவே இல்லை. ‘மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க’ என்பதில் உண்டு. ஒவ்வொரு படியிலும் சரியான திசையில்தான் செல்கிறோம் என்ற உறுதி இருந்தால் நான்கைந்து சொடுக்குகளையும் பயனர் பொருட்படுத்துவதில்லை என்பதால், எல்லாவற்றையும் முகப்பிலேயே குவிப்பது தீர்வாகாது.

தீர்வு, பிரிவுகளைப் பயனரிடமே கேட்டு அமைப்பதில் தொடங்குகிறது. பக்கங்களின் பெயர்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி மாணவர்களிடம் கொடுத்து, அவர்களுக்கு ஒன்றாகத் தோன்றுபவற்றைச் சேர்த்து அடுக்கச் சொல்வது ஒரு முறை. அவ்வாறு பிறந்த அமைப்பை, வண்ணமும் படமும் இல்லாத வெறும் தலைப்புப் பட்டியலாகத் தந்து, ‘விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்’ என்பது போன்ற பணிகளைக் கொடுத்து, எந்தக் கிளையில் வழி தவறுகிறார்கள் என்று கவனிப்பது அடுத்த முறை. இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஒருவரைக் கொண்டு நடத்தும் சோதனையில் சராசரியாக 31 விழுக்காடு குறைகள் வெளிப்படுமானால், ஐந்து பேரிலேயே ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று இணையப் பயன்பாட்டெளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் கணக்கிட்டார். ஆனால் சேர்க்கை நாடுவோர், பயிலும் மாணவர், ஆசிரியர் எனத் தேவை வேறுபடும் குழுக்களைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். துணைவேந்தர் அறையில் கூடும் குழு எந்தக் கணக்கிலும் இவர்களுக்கு ஈடாகாது.

தலைப்புகள் சீரான பிறகும் ஒரு தடை எஞ்சுகிறது. சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, கையொப்பமிட்டு, பின் ஸ்கேன் செய்து பதிவேற்றும் வழக்கத்தால், திரையில் தெரிவது எழுத்தாக இல்லாமல் எழுத்தின் படமாகிவிடுகிறது. தளத்தின் தேடல் பெட்டியில் அதிலுள்ள சொற்களையே இட்டாலும் அது அகப்படுவதில்லை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளும் பெரும்பாலும் அதன்முன் ஊமையாகிவிடுகிறது. கையொப்பமிட்ட படியைக் கோப்பில் வைத்துக்கொண்டு, முதலில் தட்டச்சு செய்த அதே வாசகத்தைப் பக்கத்தில் நேரடியாக இட்டால், ஸ்கேன் செய்யும் வேலையும் மிச்சம்.