கணினிக்குள் ஓடும் நீர்: பாகங்களையும் கூலன்ட்டையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

முழுவேகத்தில் ஓடும்போது இன்டெலின் கோர் ஐ9-14900கே பிராசஸர் 253 வாட் வரை மின்சாரம் எடுக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 450 வாட் வேண்டும். இரண்டும் ஒரே கேபினட்டுக்குள் சேர்ந்தால் 700 வாட். உள்ளே போகும் அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு கணினிக்கே போய்விடும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி கிளம்பும் இடமோ, பத்துச் சதுர சென்டிமீட்டர்கூட இல்லாத சிலிக்கான் பரப்பு.

வழக்கமாக இந்த வெப்பத்தை அகற்றுவது, சில்லின்மேல் பொருத்திய உலோகத் தகடுகளும் ஒரு விசிறியும். வெப்பம் கூடினால் விசிறி வேகமெடுக்கும், இரைச்சலும் கூடும். இதற்கு மாற்றாக வந்ததே நீர்க்குளிர்ச்சி. பெரிய கணினிகளில் இது பழைய வழக்கம். 1980இல் ஐபிஎம் அறிவித்த 3081 கணினியில் சில்லுகளின் வெப்பத்தைச் சுமந்து சென்றது குளிர்நீர். 1990களின் இறுதியில் மீன்தொட்டி பம்பையும் கார் ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரையும் இணைத்து ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளில் அதையே செய்தார்கள். இன்று இதற்கென்றே தயாரித்த பாகங்கள் கிடைக்கின்றன.

அந்தப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, நீர் சுற்றிவரும் வட்டமாக நாமே பூட்டுவதற்குக் கஸ்டம் லூப் என்று பெயர். இதில் எந்த பிராண்டை வாங்குவது என்பது பிறகு வரும் கேள்வி. முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: போதிய ரேடியேட்டர் பரப்பு இருக்கிறதா? ஒரே நீரைத் தொடும் இத்தனை பொருள்களும் சில ஆண்டுகள் ஒன்றையொன்று அரிக்காமல் இருக்குமா? குளிர்ச்சியை முதலாவது தீர்மானிக்கிறது. ஆயுளை இரண்டாவது தீர்மானிக்கிறது.

நீர் செய்யும் வேலை

ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1.2 கிலோஜூல் போதும். அதே கன அளவு நீருக்கு 4,180 கிலோஜூல் வேண்டும். சுமார் 3,500 மடங்கு! அதனால்தான் நிமிடத்துக்கு 4 லிட்டர் என்ற மெதுவான ஓட்டத்திலேயே நீர் 700 வாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, இரண்டரை டிகிரி மட்டும் சூடேறுகிறது.

இந்தச் சிறிய எண்ணிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. லூப்பின் எந்த இடத்தில் அளந்தாலும் நீரின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். பிராசஸர் முதலிலா, கிராஃபிக்ஸ் கார்டு முதலிலா, நடுவில் ரேடியேட்டர் வேண்டுமா என்றெல்லாம் குழம்பத் தேவையில்லை. டியூப் எந்த வழியில் மடங்காமல் போகுமோ அதுவே சரியான வரிசை.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். நீர் வெப்பத்தைச் சுமக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் அதை வாங்கிக்கொள்வது அறையின் காற்று. காற்று 10 டிகிரி சூடேறி 700 வாட்டை எடுத்துச்செல்ல வேண்டுமென்றால், நொடிக்குச் சுமார் 58 லிட்டர் காற்று ரேடியேட்டரைக் கடந்து போக வேண்டும். எனவே எந்த லூப்பும் நீரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. சென்னையில் மே மாதம், ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருந்தால், நன்றாக அமைத்த லூப்பிலும் நீர் 45 டிகிரியை எட்டும். சில்லு அதைவிடச் சூடாகவே இருக்கும்.

ஐஸ் போட்டோ சில்லர் வைத்தோ நீரைக் குளிர்வித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். கடலோர ஊர்களில் ஆண்டின் பல மாதங்கள் அது 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். நீர் அதைவிடக் குளிர்ந்தால் டியூபின் வெளிப்புறத்திலும் சில்லைச் சுற்றியுள்ள மதர்போர்டிலும் வியர்த்துக் கொட்டும். வீட்டுக் கணினிக்கு இந்த வழி வேண்டாம்.

ரேடியேட்டர்: பரப்புதான் பலம்

ரேடியேட்டரின் அளவை அதில் பொருந்தும் விசிறியைக் கொண்டு சொல்வார்கள். 120 மி.மீ. விசிறி மூன்று பொருந்தினால் 360, இரண்டு என்றால் 240. 140 மி.மீ. விசிறிக்கு 280, 420. தடிமன் 30, 45, 60 மி.மீ. எனப் பலவகை. ஆர்வலர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: விசிறிகள் நிதானமாகச் சுழன்று, நீர் அறையைவிட 10 டிகிரி அளவுக்குக் கூடுதலாக இருந்தால் போதும் என்றால், ஒவ்வொரு 120 மி.மீ. பகுதிக்கும் 100 வாட். 700 வாட்டுக்கு ஒரு 360உம் ஒரு 480உம் சேர்ந்தால் நிம்மதி. இடமில்லாமல் பரப்பைக் குறைத்தால் லூப் அப்போதும் ஓடும். ஆனால் விசிறிகள் வேகமாகச் சுழல வேண்டிவரும், அமைதிக்காகச் செலவழித்த பணம் வீணாகும்.

தகடுகளின் நெருக்கத்தையும் பாருங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை தகடுகள் என்று கணக்கிடுவார்கள். நெருக்கமான தகடுகளுக்கு வேகமான விசிறி தேவை. தூசியும் சீக்கிரம் அடையும். ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் நம் வீடுகளுக்கு இடைவெளி கூடிய தகடுகளே ஏற்றவை. பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வதும் எளிது. வாங்குமுன் கேபினட்டுக்குள் அளவு நாடாவை வைத்து, ரேடியேட்டரின் தடிமனோடு விசிறியின் 25 மி.மீ. தடிமனையும் கூட்டி இடமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பம்பும் ரிசர்வாயரும்

வீட்டு லூப்புகளில் பெரும்பாலும் காண்பவை டி5, டிடிசி என்னும் இரண்டு வகைப் பம்புகள். இரண்டும் ஜெர்மனியின் லாயிங் நிறுவனத்தின் வடிவமைப்பில் பிறந்தவை. டி5 பம்பில் சுழலும் பகுதி ஒரு சிறு பீங்கான் குண்டின்மேல் அமர்ந்து சுழல்கிறது. மோட்டாரிலிருந்து நீருக்குள் நீளும் தண்டு கிடையாது. ஆகவே தண்டைச் சுற்றிக் கசியும் சீலும் கிடையாது. அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 1,500 லிட்டர், நீரை உயர்த்தும் திறன் நான்கு மீட்டரை ஒட்டியது. டிடிசி உருவில் சிறியது. அதிக அழுத்தம் தரும், கூடுதலாகச் சூடாகும். இடம் இருந்தால் டி5, குறுகிய கேபினட்டுக்கு டிடிசி என்று கொள்ளலாம்.

நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டம் கிடைத்தபின் வேகத்தை இன்னும் கூட்டுவதில் பெரிய பயனில்லை. பம்பைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் அதிர்வும் குறையும். குண்டுக்கு உயவாகவும் மோட்டாருக்குக் குளிர்ச்சியாகவும் இருப்பது லூப்பில் ஓடும் திரவமான கூலன்ட்தான்; நீரின்றி ஓடினால் பம்ப் விரைவில் பழுதாகும். ரிசர்வாயரைப் பம்புக்கு மேலே, நீர் தானாக இறங்கும்படி வைப்பது இதற்காகத்தான். காற்றுக் குமிழிகள் பிரிந்து மேலேறவும், குறைந்த நீரை நிரப்பவும் ரிசர்வாயரே இடம் தருகிறது.

பிளாக்: செம்புக்குள் நுண்வழிகள்

சில்லின்மேல் அமரும் வாட்டர் பிளாக்கின் அடித்தட்டு செம்பு. அதன் உட்புறத்தில் தலைமுடித் தடிமனை ஒட்டிய இடைவெளிகளோடு மெல்லிய வழிகள் அறுக்கப்பட்டிருக்கும். நீர் அவற்றின் நடுவில் பாய்ந்து இருபக்கமும் பிரிந்து ஓடும். மேல்மூடி அக்ரிலிக்காகவோ அசிட்டல் என்னும் உறுதியான பிளாஸ்டிக்காகவோ இருக்கும். அக்ரிலிக் வழியே நீரோட்டம் தெரியும். அசிட்டல் எளிதில் விரிசல் விடாது. பிராசஸர் பிளாக் வாங்கும்போது உங்கள் மதர்போர்டின் சாக்கெட்டுக்குரிய பிடிமானம் உடன் வருகிறதா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒரே பெயருள்ள சில்லை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் வேறுவேறு சர்க்யூட் போர்டு செய்கிறது. பிளாக் அந்தப் போர்டுக்கென்றே அறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

உலோகப் பொருத்தம்

செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு, நிக்கல் பூசிய பித்தளை. நீர் தொடும் உலோகம் இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். இதற்குள் அலுமினியத்தைக் கொண்டுவரக் கூடாது.

காரணம் மின்வேதியியல். திட்ட மின்முனை அழுத்தத்தில் செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் -1.66 வோல்ட். இரண்டும் ஒரே நீரைத் தொட்டால் அந்த இடைவெளி அரிப்புக்கு உந்துவிசையாகிறது. பிளாக்கிலிருந்து மிகச் சிறிதளவு செம்பு அயனிகள் நீரில் கரைகின்றன. அவை சுற்றி வந்து அலுமினியத்தின்மேல் செம்புத் துகள்களாகப் படிகின்றன. படிந்த ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தோடு சேர்ந்து நுண்ணிய மின்கலமாகிக் குழி தோண்டுகிறது. கரைந்த அலுமினியம் வெண்ணிறச் சேறாகிப் பிளாக்கின் நுண்வழிகளை அடைக்கிறது. முற்றினால் ரேடியேட்டரில் ஓட்டை விழுகிறது.

ஆபத்து என்னவென்றால் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் எந்த உலோகம் என்று கண்ணுக்குத் தெரியாது. விலை மலிவான ரேடியேட்டர்களில் பல அலுமினியம். கையில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் எடை 8.96 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம். ஆன்லைனில் வாங்குவதானால் விவரப் பட்டியலில் உலோகத்தின் பெயர் இல்லாத பொருளைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிட்டிங்குகளுக்கும் இதே விதி. நிக்கல் பூசிய பித்தளை நல்லது.

தொழிற்சாலையிலேயே மூடி வரும் ஏஐஓ கூலர்கள் பலவற்றில் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்தே இருக்கின்றனவே என்ற கேள்வி நியாயமானது. அங்கே அரிப்புத் தடுப்பான் கலந்த திரவத்தை அளவாக நிரப்பி, காற்று புகாமல் மூடிவிடுகிறார்கள். அதைத் திறந்து வெறும் நீரை ஊற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

டியூப்

முதல் லூப் கட்டுபவருக்கு வளையும் டியூப்பே நல்லது. தெளிவான பிவிசி டியூப் அழகாக இருக்கும். ஆனால் அதை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் நாளடைவில் நீரில் இறங்கும். டியூப் மங்கும், பிளாக்கில் பிசின்போல் படியும். இபிடிஎம் ரப்பர் டியூப்பில் இந்தத் தொல்லை இல்லை, நீரும் ஆவியாகிக் குறைவது அரிது. உள்ளே ஓடும் நீர் தெரியாது என்பது மட்டுமே அதன் குறை. கடினக் குழாய்களில் பிஇடிஜி வளைக்க எளிது. 60 டிகிரியை நெருங்கும் நீரில் தளர்ந்துவிடும். அக்ரிலிக் அதைவிடச் சூடு தாங்கும். எதுவானாலும் டியூபின் உள்விட்டமும் வெளிவிட்டமும் ஃபிட்டிங்கில் எழுதியுள்ள அளவோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். பிளாக்கிலும் ரேடியேட்டரிலும் திருகும் மரை மட்டும் ஜி 1/4 என்ற பொது அளவு. எந்த நிறுவனத்தின் ஃபிட்டிங்கும் அதில் ஏறும்.

கூலன்ட்: எல்லாவற்றையும் தொடுவது

குழாய் நீரும் போர் நீரும் கூடாது. அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து சூடான பரப்பில் படியும், குளோரைடு அரிப்பைத் தூண்டும். வீட்டு ஆர்ஓ நீரிலும் தாது உப்புகள் மிஞ்சியிருக்கும். அடிப்படை டிஸ்டில்டு வாட்டர்தான். கடையில் கேட்கும்போது லேபிளைப் படியுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட்டை மறந்தும் வாங்கிவிடாதீர்கள்.

சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அந்தக் குணத்தை நம்பி யாரும் துணிய வேண்டாம். லூப்பில் ஓடத் தொடங்கியதும் உலோகங்களிலிருந்து அயனிகள் சேரும், நீர் கடத்தியாகிவிடும். மின்கடத்தாத் திரவம் என்ற விளம்பரத்துக்கும் இதே வரம்பு உண்டு.

டிஸ்டில்டு வாட்டரோடு இரண்டு துணைப் பொருள்கள் வேண்டும். ஒன்று, பாசியையும் பாக்டீரியாவையும் தடுக்கும் உயிர்க்கொல்லி. இன்னொன்று, அரிப்புத் தடுப்பான். செம்பின்மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படியும் பென்சோடிரையசோல் இதற்குப் பெயர்போனது. சிலர் உயிர்க்கொல்லியாக வெள்ளிச் சுருள் போடுவார்கள். நிக்கல் பூச்சுள்ள பிளாக் இருந்தால் அதைத் தவிருங்கள். இவையெல்லாம் அளவாகக் கலந்த ஆயத்தக் கூலன்ட்டும் கிடைக்கிறது. முதன்முறை செய்பவருக்கு நிறமற்ற, ஒளி ஊடுருவும் ஆயத்தக் கூலன்ட்டையே சொல்வேன். இரண்டு நிறுவனங்களின் திரவங்களை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

பல கூலன்ட்டுகளில் கிளைக்கால் இருக்கும். அது நுண்ணுயிர்களை அடக்கும், பாகங்களுக்கு உயவும் தரும். பதிலுக்கு நீரின் வெப்பக் கொள்ளளவைக் குறைத்து, பிசுபிசுப்பைக் கூட்டும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிந்தியதைக் குழந்தையோ நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. காருக்கு ஊற்றும் கூலன்ட்டை இதற்காகவே தவிர்க்க வேண்டும். புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த வகையைத் தேடுங்கள். ஆல்கஹால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும்; லூப்பைக் கழுவக்கூட அது வேண்டாம்.

பால்போலத் திரண்டு ஒளிரும் கூலன்ட்டுகள் படங்களில் மனத்தைக் கவரும். அவற்றின் நிறம் நீரில் மிதக்கும் மிக நுண்ணிய திடத்துகள்களால் வருவது. ஓட்டம் மெதுவாகும் இடங்களில் துகள்கள் படிந்து பிளாக்கை அடைக்கலாம். கண்காட்சிக்குக் கட்டும் கணினிக்கு அது சரி. தினமும் உழைக்கும் கணினிக்குச் சரிவராது. நிறம் வேண்டுமென்றால் நிற டியூப் வாங்குங்கள்.

பூட்டும்போது

புதிய ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின் ஃபிளக்ஸும் உலோகத் துகள்களும் தங்கியிருக்கும். வெந்நீர் ஊற்றிக் குலுக்கிப் பலமுறை அலசி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் கழுவுங்கள். லூப்பின் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்தால் பிற்காலத்தில் அதன் அருமை தெரியும். எல்லாம் பூட்டியபின், நீர் ஊற்றுமுன், கைப்பம்பால் அரை பார் அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் அழுத்தமானியின் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் எங்கோ கசிவு. பிறகு நீர் நிரப்பி, மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஓட்டி, ஃபிட்டிங்குகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்துச் சில மணி நேரம் பார்த்துவிட வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை கூலன்ட்டை மாற்றி, பிளாக்கின் நுண்வழிகளைப் பாருங்கள். இடையில் நீர் மங்கினாலோ ஓட்டம் குறைந்தாலோ காத்திருக்காதீர்கள்.

மணிக்கணக்கில் முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குபவருக்கும், கடும் வெப்பம் கக்கும் கார்டை அமைதியாக ஓட்ட விரும்புபவருக்கும் இந்த உழைப்பு தகும். 120 வாட் பிராசஸர் ஒன்றுக்கு நல்ல காற்றுக் கூலரே போதும். மிச்சமாகும் பணத்தில் நினைவகம் கூட்டலாம். நீர்க்குளிர்ச்சிதான் என்று முடிவெடுத்தால், வாங்கக் கிளம்புமுன் ஒரு தாளில் மொத்த வாட்டையும், கேபினட் ஏற்கும் ரேடியேட்டர் அளவையும், நீர் தொடும் ஒவ்வொரு பரப்பும் எதனால் ஆனது என்பதையும் எழுதுங்கள். வாட்டுக்கு ஏற்ற பரப்பு இருந்து, பட்டியலில் அலுமினியம் இல்லாமல் இருந்தால், நீங்கள் வாங்கப்போகும் லூப் சரியானது.