கேம் பைத்தியம், கேம் டிசைனர் ஆன கதை!

"எப்பப் பாரு கேமு... இதெல்லாம் நாளைக்குச் சோறு போடுமா?"

பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தினமும் கேட்கும் குரல் இது. நாற்பது வருடங்களுக்கு முன்பு ஜப்பானில் ஒரு வீட்டிலும் இதே கவலைதான்.

டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர் சடோஷி டஜிரி. சின்ன வயதில் பூச்சி பிடிப்பதென்றால் உயிர். ஊர் பெருக, வயலும் குளமும் கட்டடங்களாகின. பூச்சிகள் காணாமல் போயின. அப்போதுதான், 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேம் அவரை இழுத்துக்கொண்டது. வகுப்பை கட் அடித்துவிட்டு வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தார்.

ஆனால், அவர் விளையாடியதோடு நிற்கவில்லை. எப்படி ஜெயிப்பது, எங்கே என்ன ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று கையால் எழுதி, ஸ்டேப்ளர் அடித்து, 1983-ல் ஓர் இதழாகவே விற்றார். பெயர் 'கேம் ஃப்ரீக்'. நம் பாஷையில், கேம் பைத்தியம்! கடையில் அந்த இதழைப் பார்த்த கென் சுகிமோரி, படம் வரைய வந்து சேர்ந்தார்.

எழுத எழுத, 'நாமே இதைவிட நல்ல கேம் செய்தால் என்ன?' என்று தோன்றியது. 1989-ல் 'குவின்ட்டி' என்ற முதல் கேம் வெளியானது. இதழின் பெயரே கம்பெனியின் பெயரானது. 1996 பிப்ரவரி 27 அன்று வந்தது 'போகிமான்'. தேடிப் பிடிப்பது, சேர்ப்பது, நண்பனிடம் மாற்றிக்கொள்வது... பூச்சி பிடித்த சிறுவனின் சந்தோஷம்தான் அந்த கேம்!

இவர் மட்டுமல்ல. 'எர்த்பவுண்ட்' கேமின் ரசிகரான அமெரிக்கர் டோபி ஃபாக்ஸ், 2008-ல் அந்த கேமையே தன் இஷ்டப்படி மாற்றியமைத்துப் பார்த்தார். 2015-ல் 'அண்டர்டேல்' என்ற சொந்த கேமை வெளியிட்டார். 'சோனிக்' ரசிகரான ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட், சேகா நிறுவனத்துக்காக 2017-ல் 'சோனிக் மேனியா'வை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

மணிக்கணக்கில் விளையாடுகிற எல்லோரும் டிசைனர் ஆவதில்லை. இவர்கள் ரசித்ததைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏதாவது ஒன்றைச் செய்து முடித்தார்கள். அதை நாலு பேரிடம் காட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளையிடம் போனைப் பிடுங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல எந்த இடம் போரடிக்குது? நீயா இருந்தா என்ன மாத்துவ?" பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரமபத அட்டையை எடுங்கள். ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். பாம்பு கடித்தால் கீழே இறங்க வேண்டாம். எதிராளியோடு இடம் மாறிக்கொள்ளலாம் என்று வையுங்கள். ஆட்டம் சூடுபிடிக்கிறதா, சண்டை வருகிறதா என்று பிள்ளையே கவனிக்கட்டும். கேம் டிசைனின் முதல் பாடம் அதுதான். அடுத்து, கம்ப்யூட்டரில் 'ஸ்க்ராட்ச்' என்ற இலவச மென்பொருளில் சின்னதாக ஒரு கேம் செய்து பழகலாம்.

ஒரு எச்சரிக்கை: பிடித்த ஹீரோவை வைத்துப் பழகலாம்; அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. விற்பதற்குச் சொந்தக் கதாபாத்திரம் வேண்டும். அது டஜிரியின் பூச்சிகளைப் போல, உங்கள் பிள்ளையின் தெருவிலேயே கிடைக்கலாம்!