படிகத்துள் ஓர் அந்தாதி: அமினோ அமில உப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் அடுக்குகளிடையே கண்ணாடித் தகடு போன்ற ஜிப்சம் காணப்படுகின்றது. அரியலூர் வட்டாரத்தார் நன்கறிந்த சிமிட்டித் தொழிலில், சிமிட்டி விரைந்து இறுகாதிருத்தற்கு ஜிப்சத்தைச் சேர்த்து அரைப்பர். அப்படிகத்தைத் தகடு தகடாக எளிதிற் பிரிக்கலாம். கால்சியமும் சல்பேட்டும் செறிந்த அடுக்குகளை இடைநின்ற நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைக்கின்றன. அப்பிணைப்பு வலி குன்றியதாதலின் அவ்விடத்தே படிகம் பிளக்கின்றது. ஆயின், வலி குன்றியது பயன் குன்றியதன்று. புரதம் முதலிய உயிர்ப்பொருள்களின் வடிவை நிலைநிறுத்துவனவற்றுள் இப்பிணைப்பும் தலையாயது. அதன் இயல்பினை அமினோ அமிலங்களிலும் அவற்றின் உப்புகளிலும் வைத்து ஈண்டு ஆராய்வோம்.

படிகத்தில் அமினோ அமிலம் பொதுவாக இருமுனை அயனியாக நிற்கும். ஒரு முனையிலுள்ள அம்மோனியத் தொகுதி நேர்மின் உடையது. மறுமுனையிலுள்ள கார்பாக்சிலேட்டுத் தொகுதி எதிர்மின் உடையது. முன்னது மூன்று ஹைட்ரஜன்களைக் கொண்ட வழங்கி, பின்னது ஏற்பி. பிணைப்புற்ற நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடைத்தொலைவு பெரும்பாலும் 2.7 முதல் 3.0 ஆங்ஸ்ட்ராம் வரை அமையும். வன்மையான அமிலத்தோடு கூடி உப்பாகுமிடத்து இம்முறை மாறுதலும் உண்டு. கிளைசின் ஹைட்ரோகுளோரைடில் கார்பாக்சிலேட்டு ஒரு புரோட்டானைப் பெற்று எதிர்மின் இழக்கின்றது. குளோரைடு அயனி ஏற்பியாகின்றது.

இங்ஙனம் விளையும் அமைப்புகளைச் சங்கிலி, வளையம், ஒரு மூலக்கூற்றினுள்ளேயே அமைவது, பிற முடிவுறு கூட்டம் என நால்வகையாகப் பகுக்கும் முறையை மார்கரெட் எட்டர் 1990இல் விளக்கினார். தனித்தனிப் பிணைப்பை எண்ணுவதினும் அவை தொடரும் நெறியைக் காண்பதே இப்பகுப்பின் பயன்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து எம். விஜயனும் அவர்தம் குழுவினரும், அமினோ அமிலங்கள் பிற அமிலங்களோடு கூடிய படிகங்கள் பலவற்றை ஆராய்ந்தனர். ஒன்றன் அம்மோனிய முனை அடுத்ததன் கார்பாக்சிலேட்டு முனையைச் சாரும் ‘தலை-வால்’ தொடர் அவற்றுட் பலகாலும் வருதலை அவர்கள் சுட்டினர். இதனை யாம் அந்தாதியோடு ஒப்பிடலாம். ஆயின், அந்தாதியில் முடிந்ததே மீண்டும் தொடங்கும். ஈண்டோ வேறுபட்ட இரு முனைகள் கூடுகின்றன. உவமையின் எல்லை இது.

புரதத்தில் பெப்டைடுப் பிணைப்பு உண்டாவதும் இவ்விரு வகைத் தொகுதிகளுக்கிடையேதான். ஆகலின், உயிர் தோன்றுதற்கு முன் அமினோ அமிலங்கள் தொடர்ந்திணைந்த வரலாற்றிற்கு இத்தொடர் ஒரு குறிப்பாகலாம் என்பது அவ்வாராய்ச்சியாளர் கருத்து. எனினும் அருகே அமைதல் வேறு. ஒன்றாய்ப் பிணைதல் வேறு. பின்னதற்கு நீர் நீங்குதலும் அதற்குரிய ஆற்றலும் வேண்டும். படிகம் காட்டுவது வரிசையை மட்டுமே. நிகழ்ச்சியை அன்று என்பது உளங்கொளத்தக்கது.