திருத்தப் பணிக்குப் படித்தவர்களுக்கு வேலையும் ஊதியமும்

மும்பையின் கிழக்குப் புறநகரில், டிராம்பே பகுதியில் அமைந்துள்ளது அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி நிலைய ஊழியர்களுக்கென உருவான இக்குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போது பொறியியலும் இயற்பியலும் மருத்துவமுமே இங்கு முதலில் நிற்கும். இது இயல்பே. ஆயினும், நகரின் எல்லைக்கு அருகிலேயே, தேவ்னாரில், முற்றிலும் வேறான ஒரு கல்விக்குப் பெயர் பெற்ற நிறுவனம் இருக்கிறது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்னும் அக்கல்விக்கூடத்தில், குற்றம் புரிந்தோரையும் குற்றம் சாட்டப்பட்டோரையும் மீண்டும் சமூகத்தில் நிலைபெறச் செய்யும் பணிக்கு இளைஞர்கள் பயிற்சி பெறுகின்றனர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் மான்கூர்த்தில் சிறுவர் இல்லங்கள் உள்ளன. செம்பூரில் இரவலர் இல்லம் உள்ளது. படிப்பும் அப்படிப்புக்குரிய களமும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது அரிது.

இப்படிப்பை முடித்தவருக்கு என்ன வேலை கிடைக்கும், எவ்வளவு ஊதியம் கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை கூற இயலாது. இத்துறையில் தேவை மிகுதியாகவும் பணியிடங்கள் குறைவாகவும் இருப்பதே அதற்குக் காரணம். பொருளாதாரத்தில் தேவை வேறு, வேண்டல் வேறு என்று மாணவர்கள் படிக்கின்றனர். பணம் ஒதுக்கப்படாத தேவை சந்தையில் வேண்டலாக உருவெடுப்பதில்லை. இவ்வேறுபாட்டைச் சிறைத்துறையில் காண்பது போல் தெளிவாக வேறெங்கும் காண்பது கடினம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நன்று. குற்றவியல் பட்டம் என்றவுடன் பலரும் காவல்துறை வேலையையோ தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தையோ நினைக்கின்றனர். தடய அறிவியல் தனித்துறை. அதற்கு வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டங்கள் வேண்டும். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்வதைக் கட்டாயமாக்கியுள்ளதால் அத்துறையில் வாய்ப்புகள் பெருகும். அது இக்கட்டுரையின் பொருளன்று. இங்கு பேசப்படுவது கைது, விசாரணை, சிறை, விடுதலை ஆகிய கட்டங்களில் மனிதரோடு பணியாற்றும் கல்வியைப் பற்றியதாகும்.

துறை தோன்றிய வரலாறு

1936ஆம் ஆண்டில் பம்பாயின் நாக்பாடாப் பகுதியில் ஒரு சமூகப்பணிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது இந்நிறுவனம். 1954இல் அது தேவ்னாருக்கு இடம் பெயர்ந்தது. 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1950களிலேயே குற்றவியலும் திருத்த நிர்வாகமும் அதன் பாடங்களில் இடம்பெற்றுவிட்டன. அக்காலம் நம்பிக்கை நிறைந்த காலம். ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர் வால்டர் ரெக்லெஸ் இந்தியாவுக்கு வந்து நம் சிறை நிர்வாகத்தை ஆராய்ந்து பரிந்துரைகள் வழங்கினார். 1958இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் நிறைவேறியது. 1961இல் மத்திய அரசு திருத்தப் பணிகளுக்கென ஒரு பணியகத்தை நிறுவியது. அதுவே 1975இல் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனமாயிற்று. 1979இல் வேலூரில் தென் மாநிலச் சிறை அலுவலர்களுக்கான பயிற்சி நிலையம் அமைந்தது. சாகர் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும், பிற்காலத்தில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியல் கற்பிக்க முன்வந்தன.

பாடத்திட்டங்கள் உருவான வேகத்தில் பணியிடங்கள் உருவாகவில்லை. நீதிபதி ஏ. என். முல்லா தலைமையில் 1980இல் அமைந்து 1983இல் அறிக்கையளித்த அகில இந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழு, இதற்கு ஒரு தீர்வு கூறியது. ஆட்சிப் பணியையும் காவல் பணியையும் போன்று சிறைகளுக்கும் திருத்தப் பணிக்கும் அகில இந்தியப் பணியொன்று அமைக்கப்பட வேண்டும் என்பதே அது. அப்பணி இன்றுவரை அமைக்கப்படவில்லை. சிறை என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே திருத்தப் பணியாளரின் வேலை ஒவ்வொரு மாநிலத்தின் நிதிநிலையையும் விருப்பத்தையும் பொறுத்ததாகிவிட்டது. பல மாநிலங்களில் சிறைத்துறையின் பெயர்ப்பலகையில் ‘சீர்திருத்தப் பணிகள்’ என்ற சொற்கள் சேர்ந்துவிட்டன. பெயர்ப்பலகை எழுதுவதற்கு நிதித்துறையின் ஒப்புதல் பெரிதும் தேவைப்படுவதில்லை போலும்.

பணி யாது?

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அச்சிறைகளின் கொள்ளளவு 4,36,266. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். இவர்களுள் ஒரு பகுதியினர் ஜாமீன் கிடைத்தும் வெளிவர இயலாதவர்கள். ஜாமீன்தாரர் இல்லை, முகவரிச் சான்று இல்லை, உள்ளே இருப்பது ஊரிலுள்ள குடும்பத்திற்கே தெரியாது என்பன போன்றவையே காரணங்கள்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென வழிமுறைகளை வகுத்தது. ஜாமீன் ஆணை பிறந்து ஏழு நாட்களுக்குள் கைதி விடுவிக்கப்படாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். கைதியின் பொருளாதார நிலையை அறிய நன்னடத்தை அலுவலர் அல்லது சட்டத் தன்னார்வலரைக் கொண்டு அறிக்கை தயாரிக்கலாம். நிபந்தனைகளைத் தளர்த்தக் கோரி அவ்வறிக்கை நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும். அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையிலும், தண்டனைக் கைதியின் அபராதத்திற்கு 25,000 ரூபாய் வரையிலும் வழங்க அத்திட்டம் அப்போது வகைசெய்தது.

ஆணையும் உண்டு, பணமும் உண்டு. எனினும், நெரிசல் மிகுந்த சிறையொன்றில் இத்தகுதி யாருக்கு உண்டு எனக் கண்டறிந்து, அவரிடம் பேசி, தாராவியின் ஒரு சந்திலோ விழுப்புரத்தின் ஒரு சிற்றூரிலோ உள்ள குடும்பத்தைத் தேடிப்பிடித்து, தாளில் எழுதி நீதிமன்றத்தில் சேர்ப்பிக்க ஒருவர் வேண்டும். அவரே திருத்தப் பணிக்குப் படித்தவர். அவர் இல்லாத இடத்தில், நல்ல ஆணையும் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. டாடா நிறுவனம் 1990இல் மும்பை மத்தியச் சிறையில் தொடங்கிய ‘பிரயாஸ்’ என்னும் களத்திட்டம் இப்பணியையே செய்து வருகிறது. தமிழும் மராத்தியும் இந்தியும் பேசும் மாட்டுங்கா, செம்பூர், தாராவி இளைஞர்களுக்கு இதில் இயல்பான தகுதியொன்று உண்டு. எந்த அறிவிக்கையும் அதைக் கேட்பதில்லை என்பது வேறு.

ஊதியத்தின் நிலை

நிரந்தரப் பணியிடங்களுள் முதலில் குறிப்பிடத்தக்கது நன்னடத்தை அலுவலர் பதவியாகும். தமிழ்நாட்டில் இது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் தொகுதித் தேர்வு வழியே நிரப்பப்படுகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, இருபத்தொரு வயதுக்குட்பட்ட குற்றவாளிக்குச் சிறைத்தண்டனை விதிக்குமுன் நீதிமன்றம் இவரது அறிக்கையைக் கேட்க வேண்டும். சார்பதிவாளர் போன்ற பதவிகளோடு சேர்த்து ஒரே தேர்வில் வருவதால், குற்றவியலை ஆர்வத்தோடு பயின்றவரைவிடப் பொது அறிவுத் தேர்வில் தேர்ந்தவரே இதில் அமரும் வாய்ப்பு அதிகம். சிறை அலுவலர், உதவிச் சிறை அலுவலர் பதவிகளுக்கும் பட்டமே தகுதி. குற்றவியல் பட்டம் கட்டாயமன்று. மத்தியக் குடிமைப்பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் சமூகவியல் உண்டு, உளவியல் உண்டு, குற்றவியல் இல்லை.

ஆகவே பெரும்பாலான பட்டதாரிகள் ஒப்பந்தப் பணிகளையே நாடுகின்றனர். அவற்றுள் பரவலானவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலுள்ள பணியிடங்கள். 2009இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமாகத் தொடங்கி, இன்று வாத்சல்யா இயக்கம் என வழங்கும் மத்தியத் திட்டத்தின்கீழ் இவை அமைந்துள்ளன. தமிழ்நாட்டு மாவட்ட அறிவிக்கைகளில் காணப்படும் மாதத் தொகுப்பூதியம் வருமாறு: பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலருக்கும் அதே தொகை, ஆனால் சட்டப் பட்டம் வேண்டும், சமூகப் பணியாளருக்கு 18,536 ரூபாய், களத்தில் அலையும் புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய்.

இவற்றை மற்றொரு பணியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அதே மாநிலத்தில் இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகச் சேர்பவருக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். 2024 ஜனவரியில் இருந்த 50 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் அது 27,300 ரூபாயாகும். அதன்மேல் வீட்டு வாடகைப்படி, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, பதவி உயர்வு, ஓய்வுக்காலப் பயன்கள் ஆகியவை உண்டு. பட்டமும் முன் அனுபவமும் கோரப்படும் பாதுகாப்பு அலுவலரின் தொகுப்பூதியம் அதைவிட 504 ரூபாய் அதிகம். அது உயருமா, ஒப்பந்தம் நீடிக்குமா என்பதை ஆண்டுதோறும் எதிர்நோக்க வேண்டும். சிறைக் காவலரின் ஊதியம் மிகை என்பது இதன் பொருளன்று. அவர் பணி கடினமானது, இரவும் பகலும் நீள்வது. பூட்டுவதற்கு நிரந்தரப் பணியிடமும் திருத்துவதற்கு ஒப்பந்தமும் என்ற முறை எப்படி நிலைபெற்றது என்பதே கேள்வி.

பிற நாடுகளின் நிலை இதற்கு நேர்மாறானது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 2023 மே மாதக் கணக்கின்படி நன்னடத்தை அலுவலர், திருத்தச் சிகிச்சையாளர் ஆகியோரின் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 62,000 டாலர். சிறைக் காவலர்களுடையது ஏறத்தாழ 53,000 டாலர். அங்கு முன்னவர்க்குப் பட்டம் வேண்டும், பின்னவர்க்குப் பள்ளிப் படிப்பு போதும். ஊதியமும் அவ்வரிசையிலேயே அமைந்துள்ளது. அந்நாட்டுச் சிறைகள் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று எவரும் கூறார். இவ்வொரு வரிசை மட்டும் நோக்கத்தக்கது.

ஏனைய வழிகளை விரைந்து கூறலாம். தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியலும் சமூகப்பணியும் பாடங்களாக உள்ளன. அதில் தேறி உதவிப் பேராசிரியரானால் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். இதுவே இத்துறையில் பாதுகாப்பான வழி. ஆனால் பல்கலைக்கழகங்களில் இடங்கள் சில. வங்கிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் மோசடி ஆய்வு, பின்புலச் சரிபார்ப்பு முதலிய பணிகள் உள்ளன. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரு சமூகப் பணியாளர்கள் அமர்கின்றனர். குழந்தைகள் நலப் பணியில் ஏழாண்டு ஈடுபாடோ, உளவியல், சமூகவியல், சட்டம் போன்ற துறைகளில் பட்டம் பெற்றுத் தொழில் புரிதலோ அதற்குத் தகுதி. மதிப்பிற்குரிய பொறுப்புத்தான், ஆனால் அது மாதச் சம்பள வேலையன்று.

பணியிடம் எவ்வாறு உருவாகிறது?

1984இல் பம்பாய்க் காவல் ஆணையர் அலுவலகத்தில், வன்முறைக்குள்ளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ ஒரு சிறப்புப் பிரிவை டாடா நிறுவனம் தொடங்கியது. காவல் நிலைய வளாகத்திற்குள்ளேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் அமர்வது அன்று புதுமை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதனை முயற்சியாக இயங்கியபின், 2005இல் மகாராஷ்டிர அரசு அதை ஏற்று மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது. இரவலர் இல்லங்களில் இருப்போர்க்கென 2006இல் தொடங்கிய ‘கோஷிஷ்’ என்னும் மற்றொரு களத்திட்டத்தின் குழு, பீகார் அரசின் வேண்டுகோளின்பேரில் அம்மாநிலக் காப்பகங்களை ஆய்வு செய்தது. முசாபர்பூர் காப்பகத்தில் சிறுமியர்க்கு இழைக்கப்பட்ட கொடுமை 2018இல் வெளிப்பட்டது அவ்வறிக்கையாலேயாகும். கட்டடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் மட்டும் பார்த்துத் திரும்பும் ஆய்வில் வெளிவராதது, பிள்ளைகளோடு அமர்ந்து பேசத் தெரிந்தவர்களிடம் வெளிவந்தது.

இனி, தேவையின் அளவைக் கணக்கிடலாம். 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, 200 கைதிகளுக்கு ஒரு திருத்த அலுவலரும் 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் அல்லது ஆலோசகரும் இருத்தல் வேண்டும் என்கிறது. 2022ஆம் ஆண்டின் கைதிகள் தொகைக்கு இதன்படி 2,866 திருத்த அலுவலர்களும் 1,146 உளவியலாளர்களும் தேவை. அவ்வாண்டுப் புள்ளிவிவரங்களின்படி நாடு முழுவதும் சிறைகளில் பணியிலிருந்த உளவியலாளரும் மனநல மருத்துவரும் சேர்ந்து 25 பேர். இருபத்தைந்து மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் அப்பணியிடமே அனுமதிக்கப்படவில்லை. அளவுகோலை மாநிலங்கள் ஏற்றுப் பணியிடங்களை உருவாக்கினால், இரு வகையிலும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பட்டதாரிகளுக்கு இடமுண்டு. ஒரு பெரிய நாட்டின் அரசுச் செலவில் இது பெருந்தொகையன்று. 2023இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைகள் மற்றும் திருத்தப் பணிகள் சட்டம் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெறுவதற்கானது. தமக்கென அச்சட்டத்தை இயற்றும் மாநிலங்கள் பணியிடங்களையும் உடன் உருவாக்குமா என்பதை நிதிநிலை அறிக்கைகளில்தான் காண வேண்டும்.

அதுவரை இத்துறையை நாடும் மாணவர் சில நடைமுறைகளை மனத்திற்கொள்வது நல்லது. மாவட்ட அறிவிக்கைகள் பெரும்பாலும் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் ஆகிய பட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்கின்றன. ஆகவே தனிக் குற்றவியல் பட்டத்தைக் காட்டிலும், குற்றவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட சமூகப்பணி முதுநிலைப் பட்டம் கூடுதல் கதவுகளைத் திறக்கும். அதனோடு சட்டப் பட்டமும் பெற்றவர்க்குச் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பதவியும் எட்டும். களப்பயிற்சியைச் சிறையிலோ கூர்நோக்கு இல்லத்திலோ முடித்தவரைத் தொண்டு நிறுவனங்கள் முதலில் அழைக்கின்றன. தேர்வாணையத் தேர்வுக்கான வயது வரம்பு கடந்துவிடாதபடி, ஒப்பந்தப் பணியில் இருக்கும்போதே அத்தேர்வை எழுதிவிட வேண்டும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகையில் பத்தாண்டுகள் கடந்துபோவது பலருக்கும் தெரிவதில்லை.