யாரை நம்பிப் பந்தைக் கொடுப்பது?

பெனால்டி உதையில் பந்து, கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தள்ளி ஒரு புள்ளியில் வைக்கப்படுகிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அடிப்பவரையும் கோல்கீப்பரையும் தவிர மற்ற எல்லோரும் பெனால்டி ஏரியாவுக்கு வெளியே, பந்திலிருந்து குறைந்தது 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது அரை விநாடிக்கும் குறைவு. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, முடிவெடுத்து, உடலைத் தூக்கி எறிந்து மூலையை எட்ட எந்த மனிதனுக்கும் அந்த நேரம் போதாது. அதனால் பந்து கிளம்பும் நேரத்திலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, கோல்கீப்பர் ஏதாவது ஒரு பக்கத்தை ஊகித்துப் பாய்கிறார்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் பெனால்டி என்றாலே கோல் என்று தோன்றும். அரங்கில் இருப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தொழில்முறைக் கால்பந்தில் பத்துக்கு ஏழு அல்லது எட்டுதான் வலைக்குள் போகின்றன. நான்கில் ஒன்று தவறும் என்பது பெனால்டியின் இயல்பு. ரசிகர் எதிர்பார்ப்பதோ நான்குக்கு நான்கு. ஒரு வீரரை நம்பலாமா, கூடாதா என்ற சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இந்த விதியைக் கொண்டுவரச் சொன்னவர் ஒரு கோல்கீப்பர். அயர்லாந்தின் அர்மா மாவட்டத்தில் மில்ஃபோர்ட் என்ற ஊர் அணிக்கு ஆடிய வில்லியம் மெக்ரம், கோல் விழப்போகும் நேரத்தில் எதிரணியினர் வேண்டுமென்றே காலைத் தட்டி விழவைப்பதைக் கண்டு இந்தத் தண்டனையை முன்மொழிந்தார். கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுவார்கள் என்று நினைப்பதே அவமானம் என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் 1891 ஜூன் மாதம் விதி நிறைவேறியது. தொடக்கத்தில் கோல்கீப்பர் முன்னால் ஓடி வரலாம். 1905-க்குப் பிறகு கோட்டிலேயே நிற்க வேண்டியதாயிற்று. இன்றைய விதிப்படி, பந்து உதைபடும் நேரத்தில் அவருடைய ஒரு பாதமாவது கோட்டின் மீதோ கோட்டுக்கு நேராகவோ இருக்க வேண்டும். அடிப்பவருக்கும் வரம்பு உண்டு. ஓடி வரும்போது வேகத்தைக் குறைக்கலாம், தயங்குவதுபோல் போக்குக் காட்டலாம். ஓட்டத்தை முடித்துவிட்டு, உதைப்பதுபோல் நடித்து ஏமாற்றினால் மஞ்சள் அட்டை.

பெனால்டி அடிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், எந்த மூலைக்கு அடிப்பது என்பதைப் பந்தை வைக்கும்போதே தீர்மானித்துவிடுவார்கள். கோல்கீப்பர் எந்தப் பக்கம் போனாலும் அதை மாற்றுவதில்லை. மூலையை ஒட்டி, வேகமாக அடித்தால், சரியாக ஊகித்துப் பாய்ந்தவருக்கும் பந்து எட்டாது. இதில் மனக்குழப்பம் குறைவு, ஆனால் கால் பிசகக் கூடாது. கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போனாலும் எல்லாம் வீண்.

இரண்டாவது வழி கோல்கீப்பரைப் பார்த்து அடிப்பது. ஓடி வரும் வேகத்தைக் கடைசி அடிகளில் குறைத்து, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கவனித்து, மறுபக்கம் பந்தைத் தள்ளிவிடுவார்கள். இத்தாலியின் ஜோர்ஜின்யோ உதைப்பதற்கு முன் ஒரு சின்னத் துள்ளல் துள்ளுவார். அந்தத் துள்ளல் கோல்கீப்பரை முதலில் அசைய வைப்பதற்காகத்தான். இப்படி அடிக்கும்போது வேகம் தேவையில்லை. ஆனால் கோல்கீப்பர் அசையாமல் பொறுத்திருந்தால் அடிப்பவர் மாட்டிக்கொள்வார். பாதி மனதோடு அடிக்கும் பந்து எளிதில் கைக்குள் போய்விடும். அப்படிப் போகும்போதெல்லாம் அரங்கத்தில் கோபம் இரட்டிப்பாக வரும். பலமாக அடித்துத் தவறவிட்டவரை மன்னிக்கும் கூட்டம், மெதுவாக உருட்டித் தவறவிட்டவரை அலட்சியக்காரர் என்கிறது. உண்மையில் அந்த மெதுவான உதைக்குப் பின்னால்தான் அதிகப் பயிற்சியும் அதிகத் துணிச்சலும் இருக்கின்றன.

நடுவில் அடிப்பது தனிக்கதை. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்து ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. உதைகளில் ஏறக்குறைய 29 விழுக்காடு கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நகராமல் நடுவில் நின்றது 6.3 விழுக்காடுதான். பாய்ந்து தவறவிட்டால் முயன்றார் என்பார்கள், நின்று தவறவிட்டால் மரம்போல் நின்றார் என்பார்கள். கோல்கீப்பரையும் ரசிகர்களின் கண்தான் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது.

இதை முதலில் பெரிய மேடையில் பயன்படுத்திக்கொண்டவர் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா. 1976 ஜூன் 20 அன்று பெல்கிரேடில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி பெனால்டிகளால் தீர்மானிக்கப்பட்டபோது, மேற்கு ஜெர்மனியின் ஊலி ஹூனெஸ் பந்தை வானத்துக்கு அனுப்பிய பிறகு, கோப்பையை வெல்ல ஒரே ஓர் உதை மீதம் இருந்தது. பனென்கா வேகமாக ஓடி வந்து, பந்தின் அடிப்பகுதியை மெல்லத் தொட்டு நடுவில் மிதக்கவிட்டார். கோல்கீப்பர் செப் மையர் ஏற்கெனவே பாய்ந்து தரையில் இருந்தார். அன்று முதல் அந்த உதைக்குப் பனென்கா என்றே பெயர். கோலானால் மேதை, தவறினால் கோமாளி. இவ்வளவு பெரிய விலை வேறெந்த உதைக்கும் இல்லை.

ஒரே பக்கம் அடிப்பவரை எதிரணி விரைவில் கண்டுபிடித்துவிடும். 1,417 பெனால்டிகளை அலசிய ஸ்பெயின் பொருளியலாளர் இக்னாசியோ பலாசியோஸ்-வெர்த்தா, தேர்ந்த வீரர்கள் முன்கூட்டியே கணிக்க முடியாதபடி பக்கங்களைக் கலந்து அடிப்பதாகக் கண்டார். ஏட்டுக் கணிதம் சொல்லும் சிறந்த உத்தியை அவர்களுடைய கால்கள் அனுபவத்தாலேயே கற்றிருந்தன. கோல்கீப்பர்களும் சும்மா இருப்பதில்லை. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினா வீரர்களின் பழக்கங்களைக் குறித்த துண்டுச்சீட்டை ஜெர்மனியின் யென்ஸ் லேமன் காலுறைக்குள் வைத்திருந்தார். இன்று அந்தச் சீட்டு தண்ணீர்ப் பாட்டிலின் மேல் ஒட்டப்படுகிறது.

ஆட்டத்தின் நடுவே கிடைக்கும் பெனால்டிக்கும், சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் சமநிலையில் முடித்தபோது நாணயம் சுண்டித்தான் இத்தாலியை வெற்றி பெற வைத்தார்கள். அந்த அநியாயத்துக்கு மாற்றாக 1970-இல் ஷூட்-அவுட் விதிக்குள் வந்தது. இதில் அடிக்க வருபவர்களில் பலர் வழக்கமாகப் பெனால்டி அடிப்பவர்கள் அல்லர். இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த கால்களோடு, மைதானத்தின் நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வர வேண்டும்.

நார்வே உளவியலாளர் கெயிர் யோர்டெட் பல ஆண்டுகளாக இந்த நடையையும் காத்திருப்பையும் ஆராய்ந்து வருகிறார். நடுவரின் விசில் கேட்டதும் அவசரமாக ஓடுபவர்கள் அதிகம் தவறவிடுவதையும், இங்கிலாந்து வீரர்கள் இந்த அவசரத்தில் முன்னணியில் இருந்ததையும் அவர் காட்டினார். அடித்தால் வெற்றி என்ற நிலையில் வரும் உதையைவிட, தவறினால் தோல்வி என்ற நிலையில் வரும் உதை மிக அதிகமாகத் தவறுகிறது. தூரம், பந்து, கோல் எதுவும் மாறுவதில்லை. அவருடைய இன்னொரு முடிவு ரசிகர்கள் கவனிக்க வேண்டியது. பெரிய விருதுகளை ஏற்கெனவே வாங்கிப் புகழோடு அடிக்க வந்தவர்கள், பின்னாளில் அதே விருதுகளை வாங்கப்போகிறவர்களைவிட ஷூட்-அவுட்டில் மோசமாகச் செய்தார்கள். திறமையில் குறைவில்லை. எல்லோரும் நம்புகிறார்கள் என்ற நினைப்பே காலில் கட்டிய கல்லாகிவிடுகிறது.

இதற்கு ரொபெர்ட்டோ பாஜ்ஜோவைவிடப் பெரிய சான்று இல்லை. 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை இறுதிப் போட்டிக்குக் கொண்டு வந்தவரே அவர்தான். நைஜீரியாவுக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் பெனால்டியைக் கோலாக்கி வென்று கொடுத்தார். பிறகு ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. பசடேனாவில் நடந்த இறுதிப் போட்டியின் ஷூட்-அவுட்டில் அவருக்கு முன்பே பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜ்ஜோ அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னோர் உதை மீதம் இருந்தது. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது குறுக்குக் கம்பத்துக்கு மேலே போன அந்த ஒரு பந்தைத்தான். வாழ்நாள் முழுதும் பெனால்டியில் தேர்ந்தவராக இருந்தவருக்கு, தவறவிட்டவர் என்ற பட்டமே நிலைத்துவிட்டது. இது நியாயமில்லை.

ஜோர்ஜின்யோவின் 2021-ஆம் ஆண்டு இன்னும் விசித்திரமானது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிரான வெற்றி உதை அவருடையது. இறுதிப் போட்டியின் ஷூட்-அவுட்டில் அவர் அடித்ததை இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்தார், ஆனாலும் இத்தாலி வென்றது. பிறகு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் பெனால்டியைத் தவறவிட்டார். இத்தாலி 2022 உலகக் கோப்பைக்கே போகவில்லை. ஜூலையில் அவருடைய துள்ளலைக் கொண்டாடியவர்கள் நவம்பரில் அதையே குற்றம் சாட்டினார்கள்.

நம்பிக்கைக்கு எண்களில் விடை தேடினால், சவுத்தாம்ப்டன் கிளப்பின் மாட் லெ டிஸ்ஸியே போன்றவர்கள் கிடைப்பார்கள். அந்த கிளப்புக்காக 48 பெனால்டிகள் அடித்து 47-ஐக் கோலாக்கியவர் அவர். ஆனால் பெரும்பாலான வீரர்களுக்கு அவ்வளவு உதைகளே கிடைப்பதில்லை. பத்துப் பதினைந்து உதைகளை வைத்து ஒருவரைத் தீர்மானிப்பது கடினம். மூன்றை அடுத்தடுத்துத் தவறவிடுவது நல்ல வீரருக்கும் நடக்கும். ஆனால் ரசிகர்கள் தீர்ப்பு எழுதுவது அந்த மூன்றை வைத்துத்தான். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஹாரி கேன் பிரான்சுக்கு எதிராக முதல் பெனால்டியைக் கோலாக்கி, இங்கிலாந்துக்காக அதிகக் கோல் அடித்த ரூனியின் சாதனையைச் சமன் செய்தார். அதே ஆட்டத்தில் இரண்டாவதைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். மறுநாள் பேச்செல்லாம் இரண்டாவதைப் பற்றியே.

பெனால்டி பயம் ஒரு நாட்டின் குணமாகவே பேசப்பட்டது இங்கிலாந்தில்தான். 1990-இல் பியர்ஸும் வாடிலும், 1996-இல் சவுத்கேட், 1998-இல் இன்ஸும் பேட்டியும் ஷூட்-அவுட்டில் தவறவிட்டார்கள். டேவிட் பேட்டி அதற்கு முன் தொழில்முறை ஆட்டத்தில் பெனால்டியே அடித்ததில்லை. பெனால்டி வெறும் அதிர்ஷ்டம், அதற்குப் பயிற்சி செய்ய முடியாது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. பல தோல்விகளுக்கு வீரர்களின் நெஞ்சுரத்தைவிட இந்த எண்ணமே காரணம் என்று சொல்ல இடமுண்டு. அதே சவுத்கேட் பயிற்சியாளராக வந்த பிறகு, யார் எந்த வரிசையில் அடிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. வீரர்கள் மூச்சை இழுத்துவிட்டு, அவசரமில்லாமல் அடிக்கப் பழகினார்கள். 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக, உலகக் கோப்பை ஷூட்-அவுட்டில் இங்கிலாந்து முதன்முறையாக வென்றது.

பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் இல்லை. ஸ்பெயின் பயிற்சியாளராக இருந்த லூயிஸ் என்ரிக்கே, ஆயிரம் பெனால்டி அடித்துப் பழகி வருமாறு தம் வீரர்களிடம் சொல்லியிருந்தார். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் அவர்கள் அடித்த மூன்றில் ஒன்றுகூடக் கோலாகவில்லை.

2021 ஜூலை 11 அன்று வெம்ப்லியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டும் சான்ச்சோவும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஷூட்-அவுட்டுக்காகவே களமிறக்கப்பட்டார்கள். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சான்ச்சோவின் உதையையும், கடைசியாக வந்த 19 வயது புகாயோ சாக்காவின் உதையையும் இத்தாலி கோல்கீப்பர் டொன்னாருமா தடுத்தார். அன்றிரவே மூவர் மீதும் நிறவெறி வசவுகள் கொட்டப்பட்டன. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் இருந்த ராஷ்ஃபோர்டின் சுவரோவியம் சிதைக்கப்பட்டது. அடுத்த நாட்களில் அந்தப் பகுதி மக்கள் வந்து, அன்பும் ஆதரவும் எழுதிய தாள்களால் அந்தச் சுவரை மூடினார்கள். அணிக்காக அடிக்க முன்வந்ததற்காக ஓர் இளைஞரைப் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவதை விளையாட்டுக் கோபம் என்று கடந்துபோக முடியாது.

2024 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து மறுபடி ஷூட்-அவுட்டுக்கு வந்தது. அணியின் வழக்கமான பெனால்டி வீரர் கேன் ஏற்கெனவே வெளியேறியிருந்தார். பிக்ஃபோர்டின் பாட்டிலில் எதிரணி வீரர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன்படி பாய்ந்து அகஞ்சியின் உதையை அவர் தடுத்தார். இங்கிலாந்துக்காக பாமர், பெல்லிங்ஹாம் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவதாக வந்தவர் சாக்கா. எண்பதாவது நிமிடத்தில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்திருந்தவரும் அவரே. சாக்கா அடித்தது கோலானது. அடுத்து வந்த ஐவன் டோனி பந்தைப் பார்க்காமல் கோல்கீப்பரையே பார்த்தபடி அடித்துக் கோலாக்கினார். ஐந்தாவதாக அலெக்சாண்டர்-ஆர்னல்ட் அடித்த உதையோடு இங்கிலாந்து 5–3 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது.