உண்டியல் முதல் செயலி வரை

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில், பூக்கூடையின் ஓரத்தில் ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அவ்வட்டையே இன்று பல சிறு வணிகர்களுக்குக் கல்லாப்பெட்டி. வாங்குபவர் திறன்பேசியை அதன்முன் நீட்டுகிறார். சில நொடிகளில், அருகிலுள்ள சிறு ஒலிபெருக்கி வந்து சேர்ந்த தொகையைத் தமிழில் அறிவிக்கிறது. சென்னைவாசிகளுக்கு இக்காட்சி பழகிவிட்டது. மலேசியாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்திறங்கிய ஒருவர் அதே கூடையின்முன் நிற்கும்போதுதான் இதன் மறுபக்கம் புலப்படுகிறது. அவரிடம் பணம் இருக்கிறது, திறன்பேசியும் இருக்கிறது, ஆயினும் ஒரு முழம் பூ வாங்க இயலாமல் அவர் திகைத்து நிற்க நேரலாம்.

எண்ணே அடையாளம்

இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் யுபிஐ என்னும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறையை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, கையில் தாளின்றித் தவித்த மக்கள் இம்முறையின் பக்கம் திரும்பத் தொடங்கினர். கொரோனாப் பெருந்தொற்று அதனைத் தெருமுனை வரை கொண்டு சேர்த்தது.

இம்முறையின் உயிர்நாடி தொலைபேசி எண்ணாகும். செயலியை நிறுவியதும், அது திறன்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தானே அனுப்புகிறது. அச்செய்தி எந்த எண்ணிலிருந்து சென்றதோ, அவ்வெண் வங்கிக் கணக்கில் பதிவாகியுள்ளதா என்பது சரிபார்க்கப்படுகிறது. பொருந்தினால்தான் இரகசிய எண் அமைக்க வழி பிறக்கும். அதன்பின், கடையிலுள்ள குறியீட்டைத் திறன்பேசி படித்ததும் கடைக்காரரின் கணக்கு முகவரி தெரிகிறது. வாங்குபவரின் கட்டளை கழகத்தின் வழியாகச் சென்று, ஒரு வங்கியில் பற்றும் மறு வங்கியில் வரவும் வைக்கப்படுகின்றன. இந்திய வங்கிக் கணக்கும் அதனோடு இணைந்த எண்ணும் இல்லாதவருக்கு இவ்வாயில் முதற்படியிலேயே மூடிக்கொள்கிறது.

வெளிநாட்டு வங்கி அட்டை உதவாதா? தியாகராய நகரின் பெரிய பட்டுக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் உதவும். இரங்கநாதன் தெருவில் நடைபாதையில் விரித்து விற்பவரிடம் அட்டைக் கருவி இராது. அட்டையில் பெறும் ஒவ்வொரு தொகையிலும் வணிகர் ஒரு சிறு பங்கைக் கட்டணமாக இழக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழி வரும் தொகைக்கோ 2020 ஜனவரி முதல் அத்தகைய கட்டணம் இல்லை. சிறு வணிகருக்கு நன்மையான அதுவே விருந்தினருக்குத் தடையாக அமைந்தது வியப்புக்குரியது.

எஞ்சியிருப்பது பணத்தாள். தானியக்கப் பண இயந்திரம் பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள்களையே தருகிறது. நாள் முழுதும் திறன்பேசி வழியே வணிகம் நடந்த கடையில் நாணயம் வந்து சேர்வதில்லை. வராத சில்லறையை அவர் எங்கிருந்து தருவார்? அடையாற்றிலுள்ள மருத்துவமனைகளுக்கு நோயாளியுடன் அயல்நாட்டிலிருந்து வருபவருக்கு இது வெறும் சுற்றுலாச் சங்கடமன்று. நள்ளிரவில் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் உணவுக்கும் அவர் உடனடியாகப் பணம் கொடுத்தாக வேண்டும்.

பழைய சீட்டும் புதிய பணப்பையும்

கையில் பணமின்றிப் பயணம் செய்வது தமிழருக்குப் புதிதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வணிகம் செய்த காலத்தில், ஓரூரில் செலுத்திய தொகையை வேற்றூரில் பெற உண்டியல் என்னும் சீட்டு பயன்பட்டது. இன்று அச்சொல்லைக் கேட்டால் பெரும்பாலோருக்குக் கோவில் காணிக்கைப் பெட்டியே நினைவுக்கு வரும். சீட்டை எழுதியவரின் பெயரை மறுமுனையிலிருப்பவர் அறிந்திருந்தால்தான் உண்டியல் செல்லும். நாணயமும் தாளும் அவ்வாறல்ல. கொண்டுவந்தவர் யார், எவ்வூரார் என அவை கேட்பதில்லை. செயலியோ, உண்டியலைப் போலவே, முதலில் ஆளைக் கேட்கிறது.

இக்குறையைக் களையச் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜி-20 நாடுகளின் பயணிகளுக்காக டெல்லி, மும்பை, பெங்களூரு விமான நிலையங்களில் ஒரு முன்பணப் பை வசதி தொடங்கப்பட்டது. கடவுச்சீட்டையும் நுழைவிசைவையும் காட்டி, ரூபாயை முன்கூட்டியே அதில் நிரப்பிக்கொண்டால் யுபிஐ குறியீடுகளில் செலுத்தலாம். பின்னர் இவ்வசதி ஏனைய நாட்டுப் பயணிகளுக்கும் விரிந்தது. வெளிநாடுவாழ் இந்தியர் சிங்கப்பூர், அமெரிக்கா முதலிய சில நாடுகளின் எண்களைக் கொண்டே யுபிஐயைப் பயன்படுத்தவும் வழி செய்யப்பட்டது. அவர்களுக்கும் இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். 2024 பிப்ரவரி முதல் இந்தியப் பயணி இலங்கையில் யுபிஐ வழியே செலுத்தலாம். அவ்வேற்பாடு இங்கிருந்து செல்வோருக்கானது. கொழும்பிலிருந்து அடையாறு வருபவருக்கானதன்று.

பணத்தாளின் புழக்கம் மிகக் குறைந்த நார்வே நாடு எதிர்த்திசையிலும் சிந்தித்தது. கடைகளில் பணத்தாள் கொடுத்து வாங்கும் நுகர்வோர் உரிமையை 2024 அக்டோபரில் அந்நாடு சட்டத்தால் வலுப்படுத்தியது.

மாட வீதியில் சட்டம் வரும்வரை எவரும் காத்திருப்பதில்லை. பூக்காரர் 500 ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் மாற்றி வருகிறார். அங்கும் சில்லறை கிடைக்காதபோது, அருகில் நிற்கும் உள்ளூர்க்காரர் தம் திறன்பேசியில் பூவுக்குரிய தொகையைச் செலுத்திவிட்டு, விருந்தினரிடமுள்ள தாளையோ நாணயத்தையோ பெற்றுக்கொள்வதும் உண்டு.