வேலியே பயிரை மேய்ந்தால்?



சித்தூர்ச் சீமையிலே தோட்டம் வைத்திருப்போர் எவரும் வேலியின் அருமையை அறிவர். வேலி பூப்பதில்லை, காய்ப்பதில்லை, கட்டுவதற்குச் செலவுதான் உண்டு. எனினும் வேலியில்லாத தோட்டத்தில் உழவன் நிம்மதியாய் உறங்க முடியாது. ‘ஹெட்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும் இந்த வேலிதான். செல்வர்களின் பணத்தைத் திரட்டிப் பங்குச் சந்தையில் ஈடுபடுத்தும் ‘ஹெட்ஜ் ஃபண்டு’ என்னும் அமைப்பைத் தமிழில் ‘வேலி நிதி’ எனலாம். அவ்வேலி எப்போது பயிரைக் காக்கிறது, எப்போது தானே பயிரை மேய்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணமில்லாத மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. முதலாவது, கணிதமும் பௌதிகமும் புள்ளியியலும் கற்றவர்களை இத்தகைய நிறுவனங்கள் பெருஞ்சம்பளம் கொடுத்து அழைக்கின்றன. இரண்டாவது, இதே பெயரைச் சொல்லிக்கொண்டு, ஐயாயிரம் கட்டினால் மாதந்தோறும் ஆயிரம் தருகிறோம் என்னும் செய்திகள் நம் கைப்பேசிகளுக்கு வந்த வண்ணம் இருக்கின்றன. பிழைப்பு நாடி இம்மண்ணுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு பெரிதன்று. அது ஒருமுறை போனால் பிள்ளையின் படிப்பும் கூடவே போய்விடும்.

வேலியின் இயல்பு

முதலில் நம் மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். சித்தூரின் தோத்தாபுரி மாம்பழம் பெரும்பாலும் பழக்கூழ் ஆலைகளுக்கே போகிறது. ஓர் உழவர், காய் முற்றும் முன்பே, கிலோ 12 ரூபாய் என்று ஆலையாரிடம் பேசி உறுதி செய்துகொள்கிறார் என்க. அறுவடை நாளில் விலை 6 ரூபாய்க்கு விழுந்தாலும் அவருக்கு 12 கிடைக்கும். 20 ரூபாய்க்கு ஏறினாலும் அதே 12 தான் கிடைக்கும். வரக்கூடிய பேரிலாபத்தை விட்டுக்கொடுத்து, வரக்கூடிய பெருநட்டத்தைத் தவிர்க்கிறார். இதுவே வேலி. வேலியில்லாதவர் பாடு என்னவென்பதை 2025-ஆம் ஆண்டு காட்டியது. விலை சரிந்து உழவர்கள் திகைத்து நின்றபோது, ஆலைகள் 8 ரூபாய் தர, அரசு 4 ரூபாய் சேர்த்து, கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

இக்கருத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு சென்றவர் ஆல்பிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் வணிகர் அல்லர். சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்றுப் பத்திரிகைகளில் எழுதி வந்தவர். 1949-ஆம் ஆண்டு, தம் பணம் 40,000 டாலரையும் சேர்த்து ஓர் இலட்சம் டாலரில் தம் நிதியைத் தொடங்கினார். நல்லவை என்று கருதிய பங்குகளை அவர் வாங்கினார். நலிந்தவை என்று கருதியவற்றைக் கடனாகப் பெற்று விற்றார்.

கடன் வாங்கி விற்பதாவது யாது? நிலக்கடலை மூட்டை 5,000 ரூபாய் விற்கும்போது, ஒருவன் ஒரு வணிகரிடம் பத்து மூட்டையைக் கடனாகப் பெற்று விற்று 50,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொள்கிறான். விலை 4,000-க்கு இறங்கினால், 40,000 ரூபாய்க்குப் பத்து மூட்டை வாங்கிக் கடனை அடைக்கிறான். மிச்சம் 10,000 அவன் இலாபம். ஆகவே சந்தை முழுதும் சரிந்தால், வாங்கிய பங்கில் வரும் நட்டத்தை விற்ற பங்கில் வரும் இலாபம் ஓரளவு ஈடு செய்யும். ஜோன்சின் வேலி இதுவே.

ஆனால் இதனுள் ஒரு முள்ளும் இருக்கிறது. விலை இறங்கினால் பூச்சியம் வரைதான் இறங்கும். ஏறுவதற்கோ எல்லையே இல்லை. மூட்டை 9,000 ரூபாய் ஆகிவிட்டால் அவனுக்கு நட்டம் 40,000. வாங்கியவன் இழப்பது தன் முதலை மட்டுமே. கடன் வாங்கி விற்றவனோ தன்னிடம் இல்லாததையும் இழப்பான்.

கடன் என்னும் பெருக்கி

வேலி மெலிதாய் இலாபம் தந்தால் மேலாளர்க்கு மனம் அடங்குவதில்லை. ஒரு ரூபாயோடு பத்து ரூபாய் கடன் சேர்த்து முதலிட்டால், ஒரு பங்கு இலாபம் பதினொரு பங்காகுமன்றோ? ஆகும். நட்டமும் அவ்வாறே ஆகும்.

இதற்குச் சான்றாக அறிவியல் மாணவர் அனைவரும் அறிய வேண்டிய கதை ஒன்றுண்டு. 1994-இல் ஜான் மெரிவெதர் என்பவர் ‘லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மெண்ட்’ என்னும் நிதியைத் தொடங்கினார். மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்டன் ஆகிய இரு பேரறிஞர்கள் அதில் பங்காளிகள்; இருவரும் 1997-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்றனர். 1998 தொடக்கத்தில் அந்நிதியின் சொந்த முதல் ஏறத்தாழ 470 கோடி டாலர். கடனோ 12,400 கோடி டாலருக்கு மேல். அதாவது ஒரு டாலர் முதலுக்கு 26 டாலர் கடன்! கணக்கிட்டுப் பாருங்கள்: வைத்திருக்கும் சொத்தின் விலை நூற்றுக்கு நான்கு குறைந்தாலே முதல் முழுதும் கரைந்துவிடும்.

அவ்வாண்டு ஆகஸ்டில் உருசிய நாடு தன் கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்தது. உலகெங்கும் அச்சம் பரவியது. ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று சூத்திரங்கள் கருதிய சந்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஓடின. நிதி சில மாதங்களில் 460 கோடி டாலரை இழந்தது. அது வீழ்ந்தால் வங்கிகளும் உடன் வீழுமென்று அஞ்சி, நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கி கூட்டிவைக்க, 14 நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலருக்கு மேல் செலுத்தின. அறிஞர்களின் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. பழைய ஆண்டுகளின் புள்ளிகளைக் கொண்டு வரையப்பெற்ற கோடு, புள்ளிகள் இல்லாத இடத்திலும் அப்படியே போகும் என்று நம்பியதுதான் பிழை. ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் கேட்கும் எச்சரிக்கை அல்லவா இது?

பலன் உண்டா? உண்டு, யாருக்கு?

வேலி நிதியால் பயனே இல்லை என்பது நடுநிலை ஆகாது. வாரன் பஃபெட் என்னும் புகழ்பெற்ற முதலீட்டாளர் ‘புரோட்டிஜி பார்ட்னர்ஸ்’ என்னும் நிறுவனத்தோடு கட்டிய பந்தயம் இதைத் தெளிவாக்கும். 2008 முதல் 2017 முடிய பத்தாண்டுகள். ஒரு பக்கம், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் எளிய குறியீட்டு நிதி. மறுபக்கம், நூற்றுக்கும் மேற்பட்ட வேலி நிதிகளில் பணத்தைப் பகிர்ந்து போட்ட ஐந்து தொகுப்பு நிதிகள்.

முதலாண்டே பெரும்புயல் வீசியது. 2008-இல் குறியீட்டு நிதி நூற்றுக்கு 37 இழந்தது. ஐந்து தொகுப்புகளும் அதைவிடக் குறைவாகவே இழந்தன, நூற்றுக்கு 16 முதல் 30 வரை. வேலி தன் கடமையைச் செய்தது! ஆனால் பத்தாண்டு முடிந்தபோது குறியீட்டு நிதி நூற்றுக்கு 125 பெருகியிருந்தது. ஐந்தினுள் மிகச் சிறந்ததும் 87-ஐத்தான் எட்டியது; ஐந்தின் சராசரி ஏறத்தாழ 36.

வித்தியாசம் எங்கே போயிற்று? பெரும்பகுதி கூலியில் போயிற்று. இத்துறையில் நெடுங்காலமாய் வழங்கும் கூலி ‘இரண்டும் இருபதும்’ என்பது: முதலில் நூற்றுக்கு 2, இலாபத்தில் நூற்றுக்கு 20. ஒரு கோடி ரூபாய் போட்டவருக்குப் பத்து இலட்சம் இலாபம் வந்தால், மேலாளர் முதலில் 2 இலட்சமும், மிச்சம் எட்டில் 1 இலட்சத்து 60 ஆயிரமும் எடுத்துக்கொள்வார். உடையவர்க்கு 6 இலட்சத்து 40 ஆயிரம். அடுத்த ஆண்டு பத்து இலட்சம் நட்டமானால் அது முழுதும் உடையவருடையது. அதன் மேல் 2 இலட்சம் கூலியும் உண்டு. பழைய நட்டம் ஈடாகும் வரை இலாபத்தில் பங்கு கேட்பதில்லை என்னும் விதி பல நிதிகளில் உண்டு. ஆனால் அப்போது கடையையே மூடிவிட்டு வேறு பெயரில் புதுக்கடை திறப்பாரும் உண்டு.

மூடிய கடைகள் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவதையும் நோக்க வேண்டும். பிழைத்தவற்றின் சராசரியை மட்டும் காட்டினால் எத்துறையும் பொன்னாய் மின்னும். கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் சைமன்ஸ் நிறுவனத்தின் ‘மெடாலியன்’ நிதி உண்மையிலேயே வியத்தகு இலாபம் ஈட்டியது. ஆனால் அது பல ஆண்டுகளாய் வெளியார் பணத்தை ஏற்பதில்லை. மிகச் சிறந்த மாந்தோப்பின் பழம் சந்தைக்கே வருவதில்லை!

ஒரு தமிழரின் கதை

கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் 1997-இல் நியூயார்க்கில் ‘கேலியன்’ என்னும் நிதியை நிறுவினார். அதன் உச்சத்தில் அவர் கையாண்டது ஏறத்தாழ 700 கோடி டாலர். தமிழன் எட்டிய உயரம் என்று பெருமை கொண்டோர் பலர். ஆனால் 2009 அக்டோபரில் அவர் கைதானார். நிறுவனங்களின் உள் இரகசியங்களை, வெளியாகும் முன்பே, உள்ளிருந்தோரிடம் பெற்று வாணிபம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. 2011 மே மாதம் 14 குற்றங்களும் மெய்ப்பிக்கப்பட்டன. அக்டோபரில் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. கைதான சில நாட்களிலேயே, போட்டவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்க, நிதி மூடப்பட்டது.

ஓராண்டு இலாபத்தைக் கண்டு மேலாளரை அளவிட இயலாது. அது திறமையால் வந்ததா, நல்வாய்ப்பால் வந்ததா, குறுக்கு வழியால் வந்ததா என்பது கணக்கேட்டில் தெரிவதில்லை. மூன்றும் ஒரே எண்ணாகத்தான் காட்சியளிக்கும். அவர் தமிழர் என்பதும் நம்மவர் என்பதும் ஒருவர் மீது பணத்தை நம்பி வைக்கப் போதிய காரணங்கள் ஆகா.

நாம் செய்யத்தக்கது

இந்தியாவில் வேலி நிதிகள், 2012-இல் ‘செபி’ வகுத்த விதிகளின்படி, மாற்று முதலீட்டு நிதிகளுள் மூன்றாம் வகையாகப் பதிவு பெறுகின்றன. ஒருவர் இடவேண்டிய குறைந்த தொகை பொதுவாக ஒரு கோடி ரூபாய். நிதியின் ஈடுபாடு அதன் நிகர மதிப்பில் இரு மடங்கைத் தாண்டலாகாது. பொதுமக்களிடம் விளம்பரம் செய்து பணம் திரட்டவும் அதற்கு உரிமையில்லை. 2025 ஏப்ரல் முதல், பத்து இலட்சம் ரூபாயில் சேரக்கூடிய ‘சிறப்பு முதலீட்டு நிதி’ என்னும் நடுவழி ஒன்றும் பரஸ்பர நிதி நிறுவனங்களின் வாயிலாக வந்துள்ளது.

இவ்விதிகளே நமக்குக் காவல். ஐயாயிரம் ரூபாய்க்கு வேலி நிதி என்று கைப்பேசியில் ஒருவன் கூவினால், அவன் சொல்வது பொய் என்பதற்கு வேறு சான்று வேண்டா. பதிவு பெற்ற நிதி கூவவும் கூடாது, அவ்வளவு சிறு தொகையை வாங்கவும் கூடாது. ஐயமிருப்பின் செபியின் பதிவுப் பட்டியலைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெளியலாம்.

நிதி வேண்டா, நானே வேலி நிதியைப் போல் வாணிபம் செய்வேன் என்று விடுதி அறையிலிருந்து ‘ஃபியூச்சர்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ ஆடும் நண்பர்க்கும் ஒரு சொல். செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இவ்வாணிபத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1 இலட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஈட்டியவர்கள் பெரும்பாலும் கணிப்பொறிகளை வைத்து ஆடும் பெரு நிறுவனங்கள். கையில் மண்வெட்டியோடு நின்று இயந்திரக் கலப்பையோடு உழவுப் போட்டியிடுவது போன்றது இது.

ஆகவே, எவரேனும் முதலீடு என்று வந்தால் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: இலாபம் எதிலிருந்து வருகிறது? கடன் எத்தனை மடங்கு? கூலி எவ்வளவு? வேண்டும்போது பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? நான்கிற்கும் விளங்கும்படி விடை கூறாதவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டா. இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் பெற்றோரிடமும் இந்நான்கு வினாக்களைச் சொல்லி வையுங்கள். நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு, நம் படிப்பால் முதலில் விளையத்தக்க நன்மை அதுவேயாகும்.